அந்த டீச்சரின் வீட்டுக்காரர் பாவம்

வாயில் பாதிப் பணிஸ் இருக்கும்போது ஒரு மனிதனிடம் முக்கியமான கேள்வி எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் அவனால் தலையாட்டத்தான் முடியும். நான் ஆட்டினேன். இந்த வாரக் கதை அந்த ஆட்டத்தில் ஆரம்பிக்கிறது.

இடம், பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில், தேயிலைக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தோட்டப் பாடசாலை. அதன் அதிபர் அறை. அதிபர், அடியேன். எதிரே, கல்வி வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த பணிப்பாளர் நிஸாம் சேர். வேறு மாகாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் பக்கத்து மலையும் புதிது, மனிதர்களும் புதிது. வெளியே மழை, தகரக் கூரையில் கூழாங்கல்லைக் கொட்டுவது போலக் கொட்டிக்கொண்டிருந்தது. இஞ்சி போட்ட பிளேன்டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

"அந்த டீச்சர் எப்பவும் இப்படித்தானா சேர்?"

"எந்த டீச்சர் சேர்?"

"இப்ப கூட்டத்துல எழும்பி நின்னு உங்களைக் கிழிச்சாங்களே. சிவப்புக் கரை சாரி."

"புவனா டீச்சரா? அவங்க கொஞ்சம் அப்படித்தான் சேர்."

"எவ்வளவு காலமாப் பொறுத்துக்கிட்டிருக்கீங்க?"

எனக்குப் பொய் சொல்ல வராது. மனதுக்குள் கணக்குப் போட்டுச் சொன்னேன். "இருபத்திரண்டு வருஷம் சேர்."

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். என்னை அவர் பார்த்த பார்வையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனைப் பார்க்கும் இரக்கம் இருந்தது.

"உங்ககிட்டயே இப்படின்னா வீட்டுல எப்படி இருப்பாங்க? அவங்க வீட்டுக்காரரை நினைச்சாப் பாவமா இருக்கு."

"பாவம்தான் சேர்," என்றேன். மனதாரச் சொன்னேன்.

வாசகர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். கண்டுபிடிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்காரன் நான்தான்.

அந்த நேரத்தில்தான் பணிஸைக் கடித்தேன். உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் வைத்த பன், காரம் தூக்கல். அந்த நேரத்தில்தான் அவரும் சொன்னார். "மடுல்சீமைக்கு மேல ஒரு ஸ்கூல்ல ஆரம்பப் பிரிவுக்கு ஆளில்ல. அடுத்த தவணைக்கு இவங்களை அங்க மாத்திடுவோம். ஒழுங்கீனம்னு ஒரு வரி எழுதினாப் போதும். உங்களுக்குச் சம்மதம்தானே?"

தலை ஆடியது. என்னைக் கேட்காமலே ஆடியது.

அவர் திருப்தியாக எழுந்து, என் தோளைத் தட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டார். பணிஸை விழுங்கிவிட்டுத்தான் யோசித்தேன். பதினெட்டு வருடச் சேவையில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாத ஒரு ஆசிரியைக்கு, அவளுடைய சொந்தப் புருஷன், வாயைத் திறக்காமலே தண்டனை மாற்றம் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

*ஏன் வாயைத் திறக்கவில்லை?*

இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்களில் முக்கியமானவர் பின்னால் வருவார்.

'சேர், அது என் மனைவி.' மொத்தம் நாலு சொல். ஆனால் அவர் "பாவம்" என்று சொல்வதற்கு முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன பிறகு, "அந்தப் பாவம் நான்தான்" என்றால் அந்த மனிதர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? ஒரு பெரிய அதிகாரி, விருந்தாளி, வெட்கப்பட விடலாமா? சரி, அடுத்த வாக்கியம் முடிந்ததும் சொல்வோம் என்று காத்திருந்தேன். அடுத்த வாக்கியம் மடுல்சீமைக்குப் போய்விட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு நான் பெயர் வைத்திருந்தேன். தொழில்வாண்மை, ஆங்கிலத்தில் புரொபஷனலிசம்.

*முன் கதவு, பின் கதவு*

நாலு வருடத்துக்கு முன்னால் இந்தப் பாடசாலைக்கு அதிபராக வந்தேன். அப்போதே புவனா அங்கே ஆசிரியை. பண்டாரவளையில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையில் ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு, கழுத்துப்பட்டி, பெயர்ப்பலகை, ஒரு புதுக் குரல் எல்லாவற்றுடனும் வந்து இறங்கியிருந்தேன். முதல் ஆசிரியர் கூட்டத்தில் அறிவித்தேன்: "இந்தப் பாடசாலைக்குள் எனக்கு உறவினர் என்று எவரும் இல்லை."

பின்வரிசையில் ஒருவர் இருமினார். அவர் எனக்குச் சித்தப்பா முறை.

அன்றிலிருந்து பாடசாலைக்குள் அவர் 'டீச்சர்', நான் 'சேர்'. கேட்டுக்கு வெளியே அவள் 'புவனா', நான் 'என்னங்க'. (எழுதும்போதும் எனக்கு இந்த 'அவர்', 'அவள்' தடுமாற்றம் போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

காலை பஸ்ஸில் அவள் முன் கதவால் ஏறுவாள், நான் பின் கதவால். பஸ் பொது இடம்தானே என்று கேட்பீர்கள். அதில் பெற்றோர் வருகிறார்கள், பிள்ளைகள் வருகிறார்கள். ஆகவே பஸ்ஸும் பாடசாலைதான் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தேன். ஒருநாள் பர்ஸை வீட்டில் மறந்துவிட்டு, பின்னாலிருந்து அவளைச் சுட்டிக்காட்டினேன். கண்டக்டர் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், "மிஸ், அந்த சேருக்கும் நீங்களா குடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

அவள் திரும்பிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னாள். "எந்த சேர்? எனக்கு அவரைத் தெரியாதே."

என் கொள்கையை என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தது அவள்தான்.

வாட்ஸப்பிலும் அப்படியே. பக்கத்து அறையிலிருந்து பாடசாலைக் குழுவுக்கு எழுதுவார்: 'மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கு, தரம் இரண்டுக்கு வெண்கட்டி தீர்ந்துவிட்டது.' நானும் 'கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று பதில் போடுவேன். ஒரே ஒரு தடவைதான் சறுக்கியது. வீட்டுக்குப் போட வேண்டிய 'அரிசி ஊறப் போட்டாச்சா?' என்பதைக் குழுவில் போட்டுவிட்டேன். ஒன்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஒரு புது ஆசிரியர் மட்டும், 'எந்த வகுப்புக்கு சேர்?' என்று கேட்டிருந்தார்.

*கங்காணியும் கொழுந்துக்காரியும்*

இந்த நோய் எனக்குப் பரம்பரையாக வந்தது.

எங்கள் அப்பா தோட்டத்தில் கங்காணி. எங்கள் அம்மா அவருடைய கூட்டத்திலேயே கொழுந்து பறித்தவர். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பும்போது, மற்றப் பெண்களை அப்பா "வா தாயி", "போ புள்ள" என்பார். அம்மாவை மட்டும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரி. செங்குத்தான மலை, அட்டை கடிக்கிற மலை என்றால் அங்கே முதல் ஆள் அம்மாதான். யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதாம்.

நிறுவையில் இன்னும் மோசம். ஈரக் கொழுந்து என்று எல்லோருக்கும் கொஞ்சம் கழிப்பார்கள். அம்மாவின் கூடையில் மட்டும் அப்பா கையை விட்டுக் கிளறி, "நல்லாத் தண்ணி" என்று கூடுதலாகவே கழிப்பார். வெயில் எரிக்கிற நாளிலும் தண்ணி.

அம்மா ஒரு வார்த்தை பேச மாட்டார். சாயங்காலம் லயத்து வீட்டு வாசலில் அப்பா கால் கழுவிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து குரல் வரும்: "கங்காணியார் சாப்பிட வரலாம்." போனால் ரொட்டி இருக்கும். சம்பல் இருக்காது. "எங்க சம்பல்?" என்று கேட்டால், "கழிச்சாச்சுங்க. தண்ணியா இருந்துச்சு."

இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பார்த்து என்ன கற்றுக்கொண்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

*ஒரு சோபாவின் கதை*

கூட்டத்தில் நடந்தது இதுதான்.

பழைய மாணவர்கள் சேர்ந்து எங்களுக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்திருந்தார்கள். சுவர் நாலும் கல், சீலிங் அடித்தது, மழை பெய்தாலும் பேசினால் கேட்கும். தோட்டப் பாடசாலையில் இது அரண்மனை. பட்டறையில் ஒருவர், 'வாசலில் நுழைகிறவர் முதலில் பார்ப்பதுதான் உங்கள் நிறுவனத்தின் முகம்' என்று சொல்லியிருந்தார். ஆகவே அந்த அறையை வரவேற்பறை ஆக்குவது, ஒரு சோபா போடுவது, கண்ணாடிக் கதவில் 'வருக' என்று எழுதுவது என்று திட்டம் தீட்டி, நிஸாம் சேர் முன்னிலையில் கம்பீரமாக வாசித்தேன்.

புவனா டீச்சர் எழுந்தார்.

"அதிபர் அவர்களின் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை," என்று செந்தமிழில்தான் தொடங்கினார். "தரம் இரண்டும் தரம் மூன்றும் ஒரே மண்டபத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு தட்டி மட்டுமே உள்ளது. தரம் மூன்று வாய்ப்பாடு சொன்னால் என் பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டு மூவேழு இருபத்தொன்று என்று பாடுகிறார்கள்."

"டீச்சர், வரவேற்பறை என்பது தொழில்வாண்மையின் ஒரு..."

"மழை பேஞ்சா ரெண்டு வகுப்பும் வாயை மூடிக்கிட்டு கூரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு." செந்தமிழ் போய்விட்டது. "வருஷத்துக்கு ஒருக்கா வர்ற ஆளுக்கு சோபா. தினம் வர்ற பிள்ளைக்குத் தட்டி. அப்படித்தானே?"

வருஷத்துக்கு ஒருக்கா வருகிற ஆள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், இதைப் பிறகு..."

"பிறகு பிறகுன்னு எத்தனை தடவை? போன வாரமே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். காதுல வாங்கினீங்களா? உங்ககிட்டச் சொல்றதும் ஒண்ணு, மாடசாமி கோயில் கல்லுக்கிட்டச் சொல்றதும் ஒண்ணு."

மற்ற ஆசிரியர்கள் யாரும் அதிரவில்லை. அவர்களுக்கு இது பக்கத்து வீட்டுச் சண்டை. ஜன்னலைச் சாத்தாமல் கேட்கலாம். சித்தப்பா முறைக்காரர் வெளியே மழையை ரசித்தார். நிஸாம் சேர் ஒருவருக்குத்தான் கண் பெரிதாகிக்கொண்டே போனது.

"சரிங்க டீச்சர். உட்காருங்க டீச்சர்," என்றேன்.

அந்தப் பணிவைப் பார்த்துத்தான் அவர் என்மேல் அவ்வளவு இரக்கப்பட்டுவிட்டார்.

*ஹனிபா நானாவின் யோசனை*

பசறைக் கடைத்தெருவில் ஹனிபா நானாவின் பலசரக்குக் கடை இருக்கிறது. பருப்பு வாங்கப் போனால் யோசனை இலவசம். ஜீப் போய் இரண்டு நாள் கழித்து அங்கே போனபோது, பருப்பு நிறுக்கும் வரைகூட எனக்குப் பொறுமையில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

நானா பருப்பைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார். "ஒரு வரிதானே சேர். 'அது என் பொஞ்சாதி.' எங்க, என்கிட்டச் சொல்லிப் பாருங்க."

"அது என்..."

"ம்."

"நானா, அவரு முகம் எப்படி ஆகும்னு யோசிங்க."

"அவரு முகத்தை அவரு பாத்துக்குவாரு. நீங்க உங்க முகத்தைப் பாருங்க. டீச்சருக்குத் தெரிஞ்சா அந்த முகம் இருக்காது."

"நீங்க சொல்லிடாதீங்க நானா."

"நான் ஏன் சொல்றேன்? ஆனா வெள்ளிக்கிழமை முட்டை வாங்க டீச்சர் வருவாங்க. 'என்ன நானா, ஒரு மாதிரி இருக்கீங்க'ன்னு கேட்டா எனக்கும் பொய் வராது. அதுக்கு முந்தி முடிங்க."

அன்று சாயங்காலமே தைரியம் வந்து, நிஸாம் சேருக்குப் போன் எடுத்தேன். அவர் "ஹலோ" என்றதும் தைரியம் பஸ் ஏறிப் போய்விட்டது.

"சும்மாதான் எடுத்தேன் சேர். நல்லபடியாப் போய்ச் சேந்தீங்களா?"

"சேந்து ரெண்டு நாளாச்சே சேர்."

"சந்தோஷம் சேர்."

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "நீங்க ரொம்ப மன அழுத்தத்துல இருக்கீங்க சேர். அந்த டீச்சர் விஷயத்தை நான் சீக்கிரமே பாக்கிறேன்."

என் ஒரு போன் அழைப்பால் காரியம் துரிதப்பட்டதுதான் மிச்சம்.

சரி, வீட்டுப் பக்கமாக மெதுவாக நகர்வோம் என்று, அவள் வெங்காயம் உரிக்கும்போது பேச்சைத் தொடங்கினேன்.

"மடுல்சீமை நல்ல ஊருன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"பொதுவா."

"பொதுவா ஒருத்தரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. அந்த ரோட்டுல பஸ்ஸுல போனா நாம ஒரு பக்கம் இறங்குவோம், இடுப்பு ஒரு பக்கம் இறங்கும். என்ன திடீர்னு?"

"குளிர் நல்லதாம், உடம்புக்கு."

அவள் கத்தியை வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி உரிக்கத் தொடங்கினாள். கண்ணில் எனக்குத் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன்.

*மறுபடியும் ஜீப்*

வெள்ளிக்கிழமை வருவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

நிஸாம் சேர் நேரே என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "அந்த டீச்சரைக் கூப்பிடுங்க சேர்."

"எதுக்கு சேர்? நேரா மாத்திடலாம்னு..." என் நாக்கு என்ன பேசுகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"யாரையும் மாத்துறதுக்கு முந்தி அவங்க பக்கத்தையும் கேக்கிறது என் வழக்கம். ஒரு பக்கம் மட்டும் கேட்டா நான் அதிகாரி இல்ல, தபால்காரன்."

நான் ஒருவன் அந்த மலை முழுக்கத் தொழில்வாண்மை என்று பறையடித்துக்கொண்டு திரிய, ஒன்றும் சொல்லாமல் அதைச் செய்கிற மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தார். அதை வியந்து பார்க்கிற நிலையில் அப்போது நான் இல்லை. உள்ளங்கை வேர்த்து, மேசைக் கண்ணாடியில் அஞ்சு விரலும் அச்சாகியிருந்தது.

"உள்ளே வரலாமா சேர்?" புவனா டீச்சர் வாசலில் நின்றார். விரலெல்லாம் வெண்கட்டித் தூள்.

"உக்காருங்க டீச்சர். உங்களை மடுல்சீமைப் பக்கம் மாத்துறதுக்கு யோசிச்சிருக்கேன். கூட்டத்துல நீங்க நடந்துகிட்ட விதம்தான் காரணம். அதுபத்தி உங்க பக்கத்தைக் கேக்கணும்."

அவர் உட்காரவில்லை. "இதை அதிபர் கேட்டாரா சேர்?"

"யோசனை என்னோடது. அதிபர் சம்மதிச்சார்."

புவனா டீச்சர் என் பக்கம் திரும்பினார். இருபத்திரண்டு வருடத்தில் சட்டி விழுகிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம், பாத்திரம் தேய்க்கும்போது வருகிற தனிச் சத்தம் எல்லாம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு மெதுவான குரலைக் கேட்டதில்லை.

"அப்படியா சேர்?"

அவர் மறுபடி பணிப்பாளரிடம் திரும்பினார்.

"மாத்துங்க சேர். மடுல்சீமையிலயும் பிள்ளைங்கதானே இருக்கு. ஆனா நான் சொன்னதுல எது பொய்யின்னு சொல்லிட்டு மாத்துங்க. பேசின விதம் தப்பு. அதுக்கு இப்பவே மன்னிப்புக் கேக்கிறேன். பேசின விஷயத்துக்குக் கேக்க மாட்டேன்."

அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 'சேர், இது என் வீட்டுக்காரர்' என்று கையை நீட்டியிருந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும். சொல்லவில்லை. பாடசாலைக்குள் உறவு பேசக் கூடாது என்று எவனோ ஒரு மடையன் போட்ட சட்டத்தை, தன் வேலையே தொங்கிக்கொண்டிருக்கும்போதும் அவள் மீறவில்லை.

எழுந்தேன். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"சேர், இவ என் பொஞ்சாதி."

நிஸாம் சேர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு?"

"இவ. இவங்க. புவனா டீச்சர்."

"எப்ப இருந்து?"

"இருபத்திரண்டு வருஷமா சேர்."

அவர் முகத்தில் அந்த எண் எங்கேயோ போய் இடித்து நின்றது தெரிந்தது. "அப்ப... அந்தப் பாவம்?"

"நான்தான் சேர்."

பக்கத்து மண்டபத்திலிருந்து மூன்றாம் தரத்து வாய்ப்பாடு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன சேர்?"

"ஸ்கூல்ல வீட்டு விஷயம் பேசறதில்லன்னு ஒரு கொள்கை சேர்."

"பொஞ்சாதிக்குத் தண்டனை மாற்றம் குடுக்கிறது ஸ்கூல் விஷயமா, வீட்டு விஷயமா?"

இந்தக் கேள்விக்கு அந்தப் பட்டறையில் விடை தரவில்லை.

புவனா டீச்சர்தான் பேசினார். "அதை நான் வீட்டுல பேசிக்கிறேன் சேர். வந்ததுதான் வந்துட்டீங்க. என் வகுப்பை ஒருக்காப் பாத்துட்டுப் போங்க."

நிஸாம் சேர் போனார். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றில், முழங்கால் காதைத் தொட, உட்கார்ந்தார். டீச்சர் ஒரு கதை சொல்லத் தொடங்கினார். தட்டிக்கு அந்தப் பக்கம் எட்டாம் வாய்ப்பாடு ஏறிக்கொண்டிருந்தது. கதையில் நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே எத்தனை தவளை என்று டீச்சர் கேட்டார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில், "எண்ணெட்டு அறுபத்துநாலு" என்றது.

நிஸாம் சேர் சிரிக்கவில்லை. திரும்பி வந்தவர், புது அறையைக் காட்டச் சொன்னார். உள்ளே நின்று, "கேக்குதா?" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கேட்டது.

"திங்கக்கிழமை தரம் ரெண்டு இங்க வரணும்," என்றார். "சோபா வாங்கியாச்சா?"

"கடைக்காரர்கிட்டச் சொல்லி மட்டும் வச்சிருக்கேன் சேர்."

"வேணாம்னு சொல்லிடுங்க. டீச்சர் பேர்ல ஒரு எழுத்தும் போகாது. ஆனா ஒரு விஷயம் சேர். புருஷன் அதிபர், பொஞ்சாதி டீச்சர், நடுவுல உங்க கொள்கை. இது சரிவராது. ஒருத்தர் மாறணும்." ஜீப் கதவைத் திறந்துகொண்டே சொன்னார். "மடுல்சீமைப் பக்கம் ஆரம்பப் பிரிவுக்கு ஆளில்லன்னு சொன்னேன்ல? அங்க அதிபரும் இல்ல."

*விழுங்கின பிறகு*

அன்று வீட்டிலும் நான் 'சேர்'தான். "சாப்பாடு மேசையில இருக்கு சேர்." "லைட்டை அணைச்சுடுங்க சேர்." பாடசாலையில் நாலு வருடம் இனித்த சொல், வீட்டுக்குள் வந்ததும் வேப்பெண்ணெயாகக் கசந்தது.

இரண்டாம் நாள்தான் கேட்டாள். "தலையை ஆட்டினீங்களா?"

"வாயில பணிஸ் இருந்துச்சு புவனா."

"முழுங்கின பிறகு?"

அவ்வளவுதான் கேட்டாள். இரண்டே சொல். நான் அதிபர் தரப் பரீட்சை எழுதியவன், எத்தனையோ நேர்முகத் தேர்வுக்கு முகம் கொடுத்தவன். இந்த ஒரு கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் விடை இல்லை. 'பயந்துட்டேன்' என்றேன். அது விடை இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் உண்மை என்று தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் 'என்னங்க' திரும்பி வந்தது.

என் மாற்றல் வந்த அன்று, குளிருக்கு இரண்டு கம்பளிப் போர்வை எடுத்துப் பையில் வைத்தாள். "நல்ல ஊருன்னு சொல்றாங்க," என்றாள். "பொதுவா."

*குழாய் எங்கே இருக்க வேண்டும்?*

இப்போது வாரநாளில் மடுல்சீமையில் ஒரு பழைய குவாட்டர்ஸில் இருக்கிறேன். சனி, ஞாயிறு வீடு. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, என்னைக் கேட்காமல் பாயில் படுத்துக்கொள்கிறது.

புதுப் பாடசாலையில் முதல் ஆசிரியர் கூட்டத்துக்கு ஒரு திட்டத்தோடு போனேன். பிள்ளைகள் கை கழுவ ஒரு வரிசைக் குழாய். அழகாக டைல்ஸ் பதித்து, நுழைவாயில் பக்கத்திலேயே. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். "நல்ல யோசனை சேர்." "அருமை சேர்." இவ்வளவு மரியாதையான ஆசிரியர்களை நான் கண்டதில்லை. கூட்டம் பத்தே நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்தபோது ஏதோ குறைகிறது போல இருந்தது. உப்பில்லாத கறியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்த மாதிரி.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் புவனாவுக்குப் போன் எடுத்தேன். திட்டத்தைச் சொன்னேன்.

"கேட்டுக்குப் பக்கத்திலயா?"

"ஆமா. வர்றவங்க பார்வைக்கு..."

"பிள்ளைங்களோட கக்கூஸ் எங்க இருக்கு?"

"பின்னால."

"அப்ப குழாய் எங்க இருக்கணும்?"

"பின்னாலதான்," என்றேன்.

"இதை அங்க ஒருத்தரும் சொல்லலியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பயந்திருப்பாங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

சொல்லிவிட்டு அவளே சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. என்னைப் பார்த்தும் உலகத்தில் நாலு பேர் பயப்படுகிறார்கள் என்ற செய்தி, அவளுக்கு அந்த வாரம் முழுவதும் போதுமானதாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் திட்டத்தை அப்படியே மறுபடி மேசையில் வைத்தேன். குழாய் விஷயம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "இதுல பிழை இருக்கு. எங்கன்னு சொல்லுங்க. சொல்ற வரைக்கும் டீ வராது," என்றேன்.

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். ஒருவர் பேனாவைத் திறந்து மூடினார். வெளியே டீ ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில், லுணுகலையிலிருந்து புது நியமனத்தில் வந்திருந்த ஒரு டீச்சர் மெதுவாக எழுந்தார். என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. அந்தக் குழாய் மட்டும் இல்ல சேர். இன்னும் மூணு விஷயம் பிழையா இருக்கு."

"உக்காந்தே திட்டுங்க டீச்சர்," என்றேன். "எனக்குப் பழக்கம்தான்."